விட்டுவிட்டு நிற்கும் குட்டி ரயில்: மலைக்குளிரில் டிஜிட்டல் மாடல்களின் மின்கோளாறு

அடியோடு ஓடாத மாடல் ரயில் எஞ்சினைச் சரிபார்ப்பது பெரிய வேலை இல்லை. மீட்டரை எடுத்து, தண்டவாளத்துக்குக் கரண்ட் கொடுக்கும் பூஸ்டரில் தொடங்கிச் சக்கரம் வரை ஒவ்வோர் இடமாகத் தொட்டுக்கொண்டே போனால் கரண்ட் எங்கே நின்றது என்று தெரிந்துவிடும். காலையில் ஒழுங்காக ஓடி, மதியம் ஒரே வளைவில் திரும்பத் திரும்ப நின்று, கிட்டே போய்க் குனிந்து பார்த்ததும் ஒன்றும் நடக்காததுபோல் கிளம்பிவிடுகிறதே, அந்த எஞ்சின்தான் ஆளைப் பாடாய்ப் படுத்தும். நீலகிரியில் மாடல் ரயில் வைத்திருக்கும் நண்பர்கள் இதற்கு இரண்டு காரணம் வைத்திருக்கிறார்கள். ஒன்று, "மலை ஈரம்." இன்னொன்று, எஞ்சினுக்குள் இருந்து கட்டளையைப் படிக்கும் சிறு மின்பலகையைப் பற்றியது: "டிகோடர் போச்சு." பெரும்பாலான நேரம் இரண்டுமே இல்லை. விட்டுவிட்டு வரும் கோளாறு தன்னிஷ்டத்துக்கு வருவதில்லை. அதற்கென்று ஒரு சூழ்நிலை உண்டு. அந்தச் சூழ்நிலை அமையும்போது மட்டும் வரும். அதைக் கண்டுபிடிக்கும் முன் எதையும் கழற்றக் கூடாது என்பதுதான் நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது.

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு 46 கிலோமீட்டர் ஏறும் மலை ரயிலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் பொழுதுபோக்கு ஒட்டிக்கொள்வதில் வியப்பில்லை. அந்தப் பாதை மீட்டர் கேஜ், அதாவது 1,000 மில்லிமீட்டர் அகலம். அதை 87-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் ஏறத்தாழ 11.5 மில்லிமீட்டர் வரும். அதனால் அந்த அளவில் மீட்டர் கேஜ் செய்பவர்கள் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் போடுகிறார்கள். மற்றவர்களிடம் இருப்பது 16.5 மில்லிமீட்டர் ஹெச்.ஓ. (HO) அல்லது 9 மில்லிமீட்டர் 'என்' (N) கேஜ். அளவு சிறுக்கச் சிறுக்க எஞ்சினின் எடை குறையும். எடை குறைந்தால் சக்கரம் தண்டவாளத்தை அழுத்துவதும் குறையும். கரண்ட் முழுக்க அந்த அழுத்தத்தின் வழியாகத்தான் ஏறுகிறது என்பதை மனதில் வைத்துக்கொள்வோம்.

டிஜிட்டல் முறையில் என்ன நடக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டால் மீதி எல்லாம் எளிதாகப் புரியும். இன்று பரவலாக இருக்கும் டி.சி.சி. (டிஜிட்டல் கமாண்ட் கன்ட்ரோல்) முறை ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கியது. 1990-களில் அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில்வே சங்கம் அதைப் பொதுத்தரமாக ஏற்றுக்கொண்டது. பழைய அனலாக் முறையில் வேகத்துக்கு ஏற்ப வோல்டேஜைக் கூட்டிக் குறைப்போம். டி.சி.சி.யில் தண்டவாளத்தில் எப்போதும் முழு வோல்டேஜ் இருக்கும், ஹெச்.ஓ.வில் 14, 15 வோல்ட் சாதாரணம். அந்த மின்சாரம் திசை மாறி மாறித் துடிக்கிறது, கட்டளை அந்தத் துடிப்பிலேயே இருக்கிறது. ஒரு பாதித் துடிப்பு 58 மைக்ரோ விநாடி நீடித்தால் அது 1. சுமார் 100 மைக்ரோ விநாடியோ அதற்கு மேலோ நீடித்தால் 0. ஒரு முழுக் கட்டளை போய்ச் சேர ஏறக்குறைய 5 முதல் 8 மில்லி விநாடி ஆகும். கடைசியில் சரிபார்ப்பு எண் ஒன்று வரும். நடுவில் ஒரே ஒரு துடிப்பு சிதைந்தாலும் கணக்கு ஒத்துவராது, டிகோடர் அந்தக் கட்டளையை அப்படியே தள்ளிவிடும். கட்டளைகள் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருப்பதால் ஒன்றிரண்டு போனால் நமக்குத் தெரியாது.

கட்டளை போனால் பரவாயில்லை, கரண்டே போனால்தான் வினை. அனலாக் எஞ்சின் அழுக்கான இடத்தில் ஒரு கணம் கரண்டை இழந்தாலும், உள்ளே சுழலும் ஃபிளைவீல் அதைத் தள்ளிக்கொண்டு போய்விடும். டி.சி.சி. எஞ்சினுக்குள் இருப்பது ஒரு சிறிய கணினி. அது அணைந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சத்தம் எழுப்பும் டிகோடராக இருந்தால் எஞ்சின் சத்தம் வெட்டுப்பட்டு, ஸ்டார்ட் ஆகும் ஒலியிலிருந்து மறுபடி ஆரம்பிக்கும். அந்த வெட்டு நமக்கு உதவிதான். சத்தம் தடையில்லாமல் ஓடிக்கொண்டிருக்க வண்டி மட்டும் நின்றால், கோளாறு மோட்டார் பக்கமோ கியர் பக்கமோ இருக்கிறது. சத்தம், விளக்கு, ஓட்டம் மூன்றும் சேர்ந்து போனால் தண்டவாளத்திலிருந்து கரண்ட் ஏறவில்லை.

சரி, எங்கே தேடுவது? முதலில் பார்க்க வேண்டியது, ஒரு வண்டி நின்றதா, எல்லா வண்டியும் நின்றதா என்பதுதான். எல்லாம் ஒன்றாக நின்று சில விநாடியில் ஒன்றாகக் கிளம்பினால், பூஸ்டர் ஷார்ட்டை உணர்ந்து கரண்டை வெட்டி, மறுபடி கொடுத்துப் பார்க்கிறது என்று பொருள். ஒன்று மட்டும் நின்றால் தொடர்பு விட்டுப்போயிருக்கிறது. இந்த இரண்டும் நேரெதிர் கோளாறுகள்: ஒன்றில் கரண்ட் போகக் கூடாத வழியில் போகிறது, மற்றதில் போக வேண்டிய வழியில் போகவில்லை. இவற்றைப் பிரித்துப் பார்க்காமல் தண்டவாளத்தைத் தேய்க்க உட்காருவது வீண் உழைப்பு. அப்புறம் மூன்று விஷயங்களைக் குறிக்க வேண்டும்: எந்த இடம், எந்த வண்டி, எந்த நேரம். எல்லா எஞ்சினும் ஒரே இடத்தில் நின்றால் பழுது பாதையில். ஒரே எஞ்சின் பல இடங்களில் நின்றால் பழுது அந்த எஞ்சினில். மலையில் இருப்பவர்களுக்கு மூன்றாவது விஷயம் மிக முக்கியம், அதைத்தான் யாரும் குறிப்பதில்லை.

குன்னூரில் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கண்ணாடி அடைத்த முன்தாழ்வாரத்தில் ஐந்து மீட்டர் நீளத்துக்கு லேஅவுட், அதாவது மேசைமேல் மாடல் ரயில் பாதை, போட்டிருக்கிறார். "தம்பி, மேகம் இறங்கினால் போதும், அந்தக் கோடி வளைவில் நின்றுவிடுகிறது. ஈரம்தான் காரணம்" என்றார். ஈரம் என்று முடிவு செய்துவிட்டதால் தினமும் தண்டவாளத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்திவிட்டு ஒரு நோட்டில் நேரத்தையும் வானிலையையும் எழுதச் சொன்னேன். "சும்மா எழுதினால் சரியாகிவிடுமா?" என்று கேட்டாலும், வாத்தியார் என்பதால் ஒழுங்காக எழுதினார். மேகம் இறங்கிய மதியங்களோடு, ஜனவரி மாத இரவுகளும் அந்த நோட்டில் இருந்தன. உறைபனி விழும் அந்த இரவுகளில் வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும். காற்றில் மேகமோ சாரலோ கிடையாது. இரண்டுக்கும் பொதுவாக இருந்தது குளிர் மட்டும்தான்.

நிக்கல் சில்வர் தண்டவாளம் என்பது செம்பு, துத்தநாகம், நிக்கல் சேர்ந்த கலவை. வெப்பம் 10 டிகிரி மாறினால் அது மீட்டருக்கு ஏறக்குறைய 0.16 மில்லிமீட்டர் நீளும் அல்லது சுருங்கும். ஐந்து மீட்டருக்கு 0.8 மில்லிமீட்டர். கண்ணாடித் தாழ்வாரத்தில் வெயில் அடிக்கும்போது உள்ளே சூடு ஏறும். மேகம் மறைத்தால் கொஞ்ச நேரத்தில் 10 டிகிரி இறங்குவது அங்கே சாதாரணம். ஆக, மேகத்தோடு ஈரமும் வருகிறது, குளிரும் வருகிறது. கண்ணுக்குத் தெரிவது ஈரம். தண்டவாளத்தை இழுப்பது குளிர்.

எஞ்சின் அந்த வளைவில் நின்றிருந்தபோது அதை அசைக்காமல், அருகிலிருந்த இணைப்பின்மேல் ஹேர் டிரையரைக் காட்டினோம். அரை நிமிடம்கூட ஆகவில்லை, முன்விளக்கு எரிந்தது. டிரையரை எடுத்ததும் சிறிது நேரத்தில் அணைந்தது. மறுபடி காட்ட, மறுபடி எரிந்தது. இனிச் சந்தேகமில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், தண்டவாளத்தின் பக்கவாட்டில் ஒயர் பற்றவைத்த இடத்தில் ஈயம் பளபளப்பில்லாமல் மணல்போலச் சொரசொரப்பாக இருந்தது. அதைச் சுற்றி முடியளவு மெல்லிய கோடு, ஓரத்தில் கொஞ்சம் பச்சை. டி.வி. மெக்கானிக்குகள் டிரை சோல்டர் என்பார்களே, அதேதான். தண்டவாளம் போதுமான சூடு ஏறுவதற்குள் ஈயத்தை வைத்தால் அது உலோகத்தில் ஒட்டாமல் மேலே உட்கார்ந்திருக்கும். வெயிலில் தண்டவாளம் நீண்டால் ஒயரோடு இடிக்கும், கரண்ட் போகும். குளிரில் சுருங்கினால் விலகும். அந்தத் துண்டுக்கு வேறு ஒயர் இல்லை. பக்கத்துத் துண்டோடு அதை இணைக்கும் ஃபிஷ் பிளேட் தகடும் தளர்ந்திருந்தது. அரத்தால் சுரண்டி, ஈயம் ஒட்ட உதவும் ஃபிளக்ஸ் தடவி, தண்டவாளத்தை நன்றாகச் சூடாக்கிப் பற்றவைத்ததோடு அந்தக் கோளாறு தீர்ந்தது.

இந்த இடத்தை மீட்டர் காட்டிக்கொடுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பீப் சத்தம் போடும் நிலையில் மல்டிமீட்டர் மிகச் சிறிய கரண்டைத்தான் அனுப்புகிறது. ஒற்றை நூலில் தொங்கும் வாளி, காலியாக இருக்கும்வரை அந்த நூல் எவ்வளவு தாங்கும் என்று சொல்லாது. இணைப்பில் அரை ஓம் தடை இருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும். ஆனால் 2 ஆம்பியர் இழுத்தால் அங்கே 1 வோல்ட் போய்விடும். ஆகவே பாரம் கொடுத்து அளக்க வேண்டும். அதற்கு விலை உயர்ந்த கருவி வேண்டாம். 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பை ஆட்டோ ஸ்பேர் கடையில் வாங்கி இரண்டு ஒயர் பற்றவைத்துக்கொண்டால் போதும். ஏறக்குறைய 2 ஆம்பியர் இழுக்கும். அதைத் தண்டவாளத்தில் வைத்து, பல்பு எரியும்போதே பூஸ்டர் முனையிலும் அந்த இடத்திலும் வோல்டேஜை அளந்து ஒப்பிடலாம். சாதாரண மீட்டர் 50 ஹெர்ட்ஸ் வீட்டு மின்சாரத்துக்காகச் செய்யப்பட்டது, டி.சி.சி.யின் வேகமான துடிப்பில் அது காட்டும் எண் துல்லியமாக இருக்காது. ஆனால் இங்கே நமக்கு வேண்டியது இரண்டு இடங்களுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான், அதற்குப் போதும். பல்பு நன்றாகச் சுடும். தண்டவாளத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் ஸ்லீப்பர் கட்டைமேல் படாமல், சில விநாடி மட்டும் வைத்து எடுத்துவிட வேண்டும்.

நாணயச் சோதனையும் இதன் கூடவே செய்ய வேண்டியது. லேஅவுட்டின் ஒவ்வொரு மூலையிலும் ஒரு நாணயத்தை இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே வைத்தால் பூஸ்டர் உடனே வெட்ட வேண்டும். தயங்கினால் அந்த இடத்துக்குப் போகும் வழியில் தடை அதிகம். இது ஓட்டம் பற்றிய விஷயம் மட்டும் இல்லை. அங்கே ஒரு வண்டி தடம் புரண்டு ஷார்ட் ஆனால் பூஸ்டர் அதை உணராமல் பல ஆம்பியரைத் தொடர்ந்து கொடுக்கும், சக்கரமும் டிகோடரும் கருகும். காரணம், பெரும்பாலும் தண்டவாளத்தையே ஒயராக நம்பியிருப்பது. நிக்கல் சில்வர் செம்பைவிடப் பத்து மடங்குக்கும் அதிகமான தடை உடையது. அதோடு ஒவ்வொரு ஃபிஷ் பிளேட்டும் தளரக்கூடிய இணைப்பு. மேசைக்கு அடியில் 1.5 அல்லது 2.5 சதுர மில்லிமீட்டர் வீட்டு ஒயரில் ஒரு ஜோடி ஓட்டி, ஒன்று ஒன்றரை மீட்டருக்கு ஒருமுறை மெல்லிய ஒயர் மேலே ஏற்றுவது நல்லது. முடிந்தால் ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் தனி ஒயர். எல்லா ஃபிஷ் பிளேட்டையும் ஈயம் வைத்து மூடிவிடுவது மலையில் சரிப்படாது. நீளவும் சுருங்கவும் இடைவெளி வேண்டும்.

மேசைப் பலகையும் சும்மா இருப்பதில்லை. இங்கே சில்வர் ஓக் பலகை எளிதாகக் கிடைக்கும் என்பதால் பலர் அதில் சட்டம் அடிக்கிறார்கள். தேயிலைத் தோட்டத்தில் வெட்டிய மரம் சரியாகக் காயாமல் வந்தால் மழைக்காலத்தில் உப்பி, பனிக்காலத்தில் சுருங்கித் தண்டவாளத்தையே முறுக்கும். இது மணிக்கணக்கில் நடப்பதல்ல, வாரக்கணக்கில் நடப்பது. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி கார்த்திகை மழையிலும், கூடலூர்ப் பக்கம் ஆடி மழையிலும் கோளாறு கூடுகிறது என்றால் மரத்தைப் பார்க்க வேண்டும். ஒரே நாளுக்குள் வந்து போகிறது என்றால் உலோகத்தைப் பார்க்க வேண்டும்.

ஷார்ட் வகைக் கோளாறில் முதல் சந்தேகம் பாதை பிரியும் பாயிண்டுகள்மேல்தான். இரண்டு தண்டவாளம் ஒன்றையொன்று வெட்டிச் சேரும் மூக்கு போன்ற ஃபிராக் பகுதியில், எதிரெதிர் மின்முனைகளைச் சேர்ந்த தண்டவாளங்கள் மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கும். அகலமான உலோகச் சக்கரம் ஒன்று அந்த இடைவெளியைத் தாண்டும்போது இரண்டையும் ஒரு கணம் தொட்டால் போதும். கண்ணுக்குத் தெரியாத ஷார்ட், பூஸ்டருக்குத் தெரிந்துவிடும். விளக்கை அணைத்து இருட்டில் ஓட்டினால் பொறி தட்டும் இடம் தெரியும். அந்த மூக்கின் அருகே தண்டவாளத்தின் மேல் கொஞ்சம் நகப்பூச்சு தடவிப் பார்த்து, நிற்காமல் போனால் காரணம் உறுதி. பூச்சு தேய்ந்துவிடும் என்பதால் அதைச் சோதனையாக மட்டும் கொள்ள வேண்டும். நிலையான தீர்வு சக்கர இடைவெளியைச் சரிசெய்வதும் ஃபிராக்கைத் தனியாகப் பிரித்து அதற்கு உரிய மின்முனையைச் சுவிட்ச் வழியாகக் கொடுப்பதும்தான். ஷார்ட் நீங்கிய பிறகும் பூஸ்டர் எழ மறுத்தால் பயப்பட வேண்டியதில்லை. சத்த டிகோடர்கள் நிறைய இருக்கும் லேஅவுட்டில் அவற்றில் மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் கெபாசிட்டர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் சார்ஜ் ஏற முயலும், பூஸ்டர் அதையும் ஷார்ட் என்று எடுத்துக்கொள்ளும். சில வண்டிகளைத் தூக்கிவிட்டுக் கரண்ட் கொடுத்தால் தெரிந்துவிடும்.

அழுக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் அதில்தான் தொடங்குகிறார்கள். சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையே தட்டும் நுண்ணிய பொறிகள் கரும் படலத்தை உண்டாக்கும். கணப்பு எரியும் வீட்டில் புகைக்கரியும் சேரும். முரட்டு உப்புத்தாளால் தேய்த்தால் கீறல் விழுந்து அடுத்த அழுக்கு சீக்கிரம் பிடிக்கும். மினரல் டர்பன்டைன் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றினால் போதும், சன்னலைத் திறந்துவைத்து, கரண்டை நிறுத்திவிட்டு. நம் ஊரில் கைக்கு எட்டும் தூரத்தில் நீலகிரித் தைலம் இருப்பதால் அதை எடுக்கத் தோன்றும். எடுக்கக் கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு மிஞ்சும், பாலிஸ்டைரின் பிளாஸ்டிக்கை அது இளக்கியும் விடும். தண்டவாளத்தைத் துடைத்துவிட்டுச் சக்கரங்களை விட்டுவிட்டால் ஒரு சுற்றில் பழைய நிலைதான்.

எஞ்சினுக்குள் தேடுவதில் பொறுமை வேண்டும். சக்கரத்தின் பின்புறம் உரசி நிற்கும் மெல்லிய வெண்கலத் தகடுகள்தான் கரண்டை வாங்குகின்றன. ஒன்று வளைந்து விலகியிருந்தாலும் நேர்ப்பாதையில் தெரியாது, வளைவில் ஆக்சில் ஒரு பக்கம் நகரும்போது விட்டுப்போகும். நீராவி எஞ்சின் மாடலில், பின்னால் இணைந்த கரி வண்டியான டெண்டருக்குப் போகும் ஒயர் இன்சுலேஷனுக்குள்ளேயே அறுந்திருக்கும். வெளியே பார்த்தால் முழுசாக இருக்கும். வண்டியைக் கரண்டில் நிறுத்தி, ஒயரைப் பல்குச்சியால் மெல்லத் தள்ளிப் பார்த்தால் விளக்கு சிமிட்டும். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் உண்மையான ரயில் 12 அடிக்கு 1 அடி ஏறுகிறது, பல்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு. அந்தச் சரிவை மாடலில் அப்படியே கட்டுபவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. ஏறும்போது எடை பின்சக்கரங்களுக்குச் சாய்ந்து, முன்சக்கரங்கள் லேசாகிவிடும். சமதளத்தில் எட்டுச் சக்கரத்தில் கரண்ட் வாங்கிய வண்டி, சரிவில் நாலு சக்கரத்தை நம்பி ஓடும். சரிவில் மட்டும் தடுமாறும் எஞ்சினின் பின்பக்கத் தகடுகளை முதலில் பார்க்க வேண்டும்.

சில நேரம் வண்டி நிற்பதற்குப் பதிலாகத் தலைதெறிக்க ஓடிவிடும். இதற்கும் மூலம் அதே தொடர்புக் குறைதான். விட்டு வந்த கரண்டை டிகோடர் அனலாக் என்று தவறாக எடுத்துக்கொண்டு முழுவேகத்தில் கிளப்பிவிடுகிறது. டிகோடரில் நாம் மாற்றக்கூடிய சி.வி. 29 என்ற அமைப்பில் அனலாக்குக்கு உரிய மதிப்பு 4. பல டிகோடர்கள் 6 என்ற மதிப்போடு வருகின்றன. அதை 2 ஆக்கினால் அனலாக் அணைந்துவிடும். மேசை விளிம்பிலிருந்து சிமென்ட் தரையில் விழுந்த எஞ்சினைப் பார்த்தவர்கள் இதை முதல் நாளே செய்வார்கள். டிகோடரைப் படிப்பதும் ஒரு சோதனைதான். அமைப்புகளைப் படிக்கவும் மாற்றவும் பயன்படும் புரோகிராமிங் தடத்தில் டிகோடர் 60 மில்லி ஆம்பியர் அளவுக்குச் சுமார் 6 மில்லி விநாடி இழுத்துத்தான் பதில் சொல்கிறது. ஒரே எண்ணைப் பலமுறை கேட்டு ஒருமுறை பதில் வந்து ஒருமுறை வராமல் போனால், சக்கரம் முதல் டிகோடர் வரை எங்கோ ஓர் இணைப்பு பலவீனம்.

கரண்ட் விட்டுப்போகும் கணத்தில் எஞ்சினை ஓடவைக்கும், கீப் அலைவ் எனப்படும் கெபாசிட்டர் கட்டுகளை இப்போது பலரும் முதல் மருந்தாக வைக்கிறார்கள். சிறிய எஞ்சின்களுக்கு அவை மிக நல்லவை, மறுப்பதற்கில்லை. ஆனால் கோளாறைக் கண்டுபிடிக்கும் முன்பே வைத்தால் அது மறைந்து வளரும். வெடித்த ஈயம் அப்படியே இருக்கும், வண்டி அதன்மேல் ஓடிக்கொண்டிருக்கும். ஒருநாள் நீளமான ரயில் ஒன்று அங்கே மெதுவாக ஏறும்போது தாங்காமல் நிற்கும், அப்போது தேட வேண்டிய இடங்கள் இரண்டாகியிருக்கும். தேடும் நாட்களில் அதைக் கழற்றி வைப்பது நல்லது. புரோகிராமிங் தடத்தில் படிப்பதையும் அது குழப்பும்.

மாலையில் ஹீட்டரும் கீசரும் எல்லா வீட்டிலும் போடும்போது வோல்டேஜ் இறங்குவதும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. பூஸ்டருக்குக் கொடுப்பது 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் அடாப்டர் என்றால் அந்த இறக்கம் தண்டவாளத்துக்கு வராது. பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகை என்றால் வரும், அப்போது எல்லா வண்டியும் சேர்ந்து மந்தமாகும். அடாப்டரின் பின்பக்க எழுத்தைப் படித்தால் தெரிந்துவிடும்.

டிகோடரைச் சந்தேகிப்பது கடைசியில். அதையும் ஊகமாகச் செய்ய வேண்டாம். நன்றாக ஓடும் எஞ்சினின் டிகோடரை, அதே சாக்கெட் இருந்தால், இதில் மாற்றிப் போட்டு, கோளாறு வரும் அதே நேரத்தில், அதே குளிரில், அதே இடத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். கோளாறு டிகோடரோடு போனால் டிகோடர். எஞ்சினோடு தங்கினால் ஒயர்களும் தகடுகளும். இடத்தோடு தங்கினால் மேசைக்கு அடியில் டார்ச்சோடு படுக்க வேண்டியதுதான்.